பாதியில் நிற்கும் தையல்

என் தையல் மிஷினின் இடது பக்க இழுப்பறையில் ஒரு வெள்ளை ஸ்கர்ட் இருக்கிறது. டென்னிஸ் ஆடும்போது போட்டுக்கொள்வது. அதன் இடுப்புப் பட்டையைத் தைத்தது நான். பந்து வைத்துக்கொள்ள உள்பக்கமாகப் பை வைத்ததும் நான். கீழ் விளிம்பை மடித்து, வெளியே நூல் தெரியாமல் கையாலேயே ஹெம்மிங் போட்டுக்கொண்டு வந்ததும் நான்தான். அந்தத் தையல் முக்கால் வட்டம் வரைக்கும் எறும்பு வரிசை மாதிரி ஒழுங்காக வந்து, ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் மடிப்புக் கலைந்து துணி சும்மா தொங்குகிறது. நின்ற இடத்தில் கடுகளவுக்கு ஒரு துருக்கறை. உட்கார்ந்தால் பத்து நிமிஷ வேலை. ஊரார் பிள்ளைகளின் யூனிஃபார்ம்களுக்கெல்லாம் விளிம்பு மடித்துக் கொடுக்கிறவளுக்கு அந்தப் பத்து நிமிஷம் இத்தனை வருஷமாகக் கிடைக்கவில்லை.

அது என் தங்கச்சியின் ஸ்கர்ட். அவள் டென்னிஸ் ஆட்டக்காரி. பொழுதுபோக்குக்கு ஆடியவள் இல்லை. அதையே தொழிலாகக் கொண்டு, ஊர் ஊராகப் போய், பரிசுப் பணத்துக்கும் ரேங்கிங் பாயின்ட்டுக்கும் ஆடியவள். இரண்டாயிரம் பிறந்த பிறகான அந்தச் சில வருஷங்களில், பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் அவள் பேர் வரும். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவைத் தாண்டினால் அவளை யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் அவள் ஷட்டில் ஆடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தார்கள். நானும் அவர்களைத் திருத்தவில்லை. திருத்தினால் எவ்வளவு சம்பாதிக்கிறாள், எப்போது கல்யாணம் என்று அடுத்த கேள்வி வரும்.

அப்பா ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். ரயில்வே லைன் ஓரமிருந்த ஒரு பழைய கிளப்பில் யாரையோ பிடித்து, உறுப்பினர்கள் வருவதற்கு முன்னால் விடியற்காலையில் அவள் ஆடிக்கொள்ள அனுமதி வாங்கிக் கொடுத்தார். நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்மாவுக்கு மூட்டுவாதம் வந்து விரல்கள் மடங்கிப்போன வருஷம் அது. யாரும் என்னைப் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. குக்கரை யார் இறக்குவது, அம்மா பாத்ரூமில் வழுக்கினால் யார் தூக்குவது என்று நானே கவலைப்பட்டு, நானே நின்றுவிட்டேன். கவலை எனக்குக் கூடப் பிறந்தது. கேஸை மூடினோமா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது, வெளியே விட்ட செருப்பை நினைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீட்டுக்கும் அந்தக் கோர்ட்டுக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. ரோடு. விடியற்காலையில் அந்த ரோட்டைக் கடந்தவர்களுக்குத்தான் தெரியும். பகலிலாவது நெரிசலில் வண்டிகள் மெதுவாகப் போகும். அந்நேரத்தில் தென்மாவட்டத்து பஸ்களும் தண்ணி லாரிகளும் மறைமலை நகர் கம்பெனி பஸ்களும் கண்மண் தெரியாமல் வரும். அப்பா அந்தச் சமயத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலோடு இருப்பார். ஆகவே அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் வேலையாயிற்று. வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருப்பேன். வண்டி ஏதாவது வந்தால் இடது கை தானாக உயர்ந்து, உள்ளங்கை விரிந்து, அவள் மார்புக்குக் குறுக்கே போய் நிற்கும். வாயால் ஒன்றும் சொல்லமாட்டேன். கை போனால் நிற்க வேண்டும், கை இறங்கினால் ஓட வேண்டும். அவளுக்குப் பன்னிரண்டு வயதாகி, என் தோளுக்கு வளர்ந்து, ‘கைய விடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க’ என்று சிணுங்கத் தொடங்கிய பிறகும் நான் மணிக்கட்டை மட்டும்தான் விட்டேன். குறுக்கே போகிற கையை விடவில்லை.

அவள் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அவள் கூடவே இருந்து பார்த்ததைச் சொல்லலாம். குள்ளம். கூட ஆடிய பெண்கள் எல்லோரும் பின்கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் பந்தைச் சுழற்றி அடித்து, எதிராளி தப்புப் பண்ணும்வரை காத்திருப்பார்கள். இவளுக்குக் காத்திருக்க வராது. பேக்ஹேண்ட் பக்கம் வருகிற பந்தை ஒற்றைக் கையால் மேலிருந்து கீழே வெட்டி விடுவாள். அது நெட்டை ஒட்டிப் போய், விழுந்த இடத்திலிருந்து எழும்பாமல், ஈரத் தரையில் சோப்பு போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். எதிராளி குனிந்து அதைத் தோண்டி எடுப்பதற்குள் இவள் பந்துக்குப் பின்னாலேயே ஓடி நெட்டருகே நின்றிருப்பாள். அடிக்கிற மாதிரி இருக்காது. பந்தைக் கையில் வாங்கிக் கீழே வைக்கிற மாதிரி ராக்கெட்டை நீட்டுவாள், அவ்வளவுதான். அங்கே முடிந்தது கதை. ‘இதெல்லாம் அந்தக் காலத்து ஆட்டம், இனிமேல் எடுபடாது’ என்று அவளுடைய கோச் சார் சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னவரே அவள் அப்படி ஓடும்போது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிடுவார்.

மற்றவர்களுக்கு அழகாகத் தெரிந்த அந்த ஓட்டம்தான் எனக்குப் பயம். பின்னால் நின்றால் பந்து வருவதைப் பார்த்து நிதானமாக அடிக்கலாமே. எதற்கு இப்படி எதிரே போய் நிற்கிறாள்? எதிராளி ஓங்கி அடிக்கிற பந்து முகத்தில் பட்டால்? இப்படித்தான் என் புத்தி போகும்.

அவள் ஆடுவதையே தொழிலாக்கிக்கொண்டு வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகத் தொடங்கியபோது, கூட யார் போவது என்ற கேள்வி வந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்காது. கோச் சாரைக் கூட்டிப்போக வசதி இல்லை. லீவு கேட்கத் தேவையில்லாத ஆள் வீட்டில் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மாவை ஒப்படைத்துவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவோம். ஹைதராபாத், புனே, டெல்லி என்று ரயில் ஏறினோம். ஒவ்வோர் ஊரிலும் அவள் எனக்கு ஓர் இடம் பிடித்து உட்காரவைப்பாள், கோர்ட்டின் ஒரு முனையில், கம்பி வலைக்குப் பின்னால், ஆடும்போது அவள் கண்ணுக்கு நேரே. “நீ அங்க இருந்தாத்தான் எனக்கு இது நம்ம ஊரு கோர்ட்டு மாரி இருக்கும்க்கா” என்பாள்.

முதல் வருஷம் ஓரளவு ஆடினாள். அப்புறம் ஒரு விசித்திரம் தொடங்கியது. நெட்டுக்கு ஓடுகிறவள் நடுவழியில் நின்றுவிடுவாள். பின்கோட்டிலும் இல்லாமல் நெட்டருகிலும் இல்லாமல், ரெண்டுங்கெட்டான் இடத்தில். பந்து காலடியில் வந்து விழும். அவளால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாப் பந்துக்கும் அப்படி இல்லை, எல்லா ஆட்டத்திலும் இல்லை. கோச் சார் ஷூவை மாற்றச் சொன்னார். மூச்சுப் பயிற்சி சொன்னார். கிளப்பில் பந்து போட்டு ஆடிக்கொடுக்கிற ஆளை மார்க்கர் என்பார்கள். எங்கள் கிளப் மார்க்கர் அண்ணன், உள்ளூரில் நடந்த ஒரு போட்டியைப் பார்க்க வந்திருந்தவர், ஆட்டம் முடிந்ததும் வலைக்கு வெளியே நின்று கத்தினார்: “இன்னாம்மா, நட்ட நடுவுல நின்னுகினு பஸ்ஸுக்கா வெயிட் பண்ணிகினு கீற? அந்தாண்ட போ, இல்ல இந்தாண்ட வா. பேஜாரா கீதும்மா பாக்கறதுக்கே!” அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் மடியில் என் இரண்டு கைகளும் அப்பாவி மாதிரி கிடந்தன.

என் முகத்தில்தான் கோளாறு என்று அவள் முதலில் நினைத்தாள். “நீ பயப்படறது எனக்கு அந்தக் கடைசி வரைக்கும் தெரியுதுக்கா. உன் கண்ணப் பாத்தா எனக்கே யாரோ செத்துட்ட மாரி இருக்கு” என்று சொல்லி, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பிளாட்பாரக் கடையில் கறுப்புக் கூலிங்கிளாஸ் ஒன்று வாங்கி எனக்கு மாட்டிவிட்டாள். முழங்கை வரை மூடிய ஜாக்கெட்டும் நூல் புடவையும் நெற்றி வியர்வையுமாய் அதைப் போட்டுக்கொண்டு, உள்ளூரிலேயே நடந்த அடுத்த போட்டியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த ஓர் ஆட்டக்காரியின் அம்மா மெல்ல இரண்டு நாற்காலி தள்ளிப் போனாள். மார்க்கர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். “இன்னாக்கா, கண்ணு நோவா, மெட்ராஸ் ஐ-யா? புள்ளைங்க ஆடற எடத்துக்கு இப்டியா வருவ? கொஞ்சம் அப்பால குந்து.” தங்கச்சி சர்வ் போடப் போனவள் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தடவை பந்தைக் கீழே விட்டாள். அன்றும் தோற்றாள். நடுவழியில் நின்று நின்று தோற்றாள்.

மறுநாள் மனசை ஆற்றிக்கொள்ள இரண்டு பேரும் பஸ் மாறிக் கோவளம் போனோம். படகுகள் கரையேறி, மீன் ஏலம் முடிந்து, மீந்ததைப் பெண்கள் கூறு கட்டிக்கொண்டிருந்த நேரம். அவள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அலையைப் பார்த்து ஓடினாள். நான் நாலடி பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தேன். பெரிய அலை ஒன்று சுருண்டது. அவள் ஓட்டம் சட்டென்று நின்றது, மணலில் குதிகால் புதைய. அவள் அலையைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தாள். நான் என்ன என்று கேட்பதற்குள் அவள் கண் போன இடத்தை நானும் பார்த்தேன். என் இடது கை உயர்ந்து, உள்ளங்கை விரிந்து, காற்றில் குறுக்கே நின்றது. அது எப்போது எழுந்தது என்று எனக்குத் தெரியாது.

“அக்கா,” என்றாள் மெதுவாக. அப்புறம் மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். “அக்கா, இதான்க்கா! ஷூ இல்ல, மூச்சு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீ என்ன ஜி.எஸ்.டி. ரோட்டுல நிறுத்தற மாரி நிறுத்தற!” கூறு கட்டிக்கொண்டிருந்த மீன்காரம்மா நிமிர்ந்து பார்த்து, “இன்னாம்மா, ஒங்கக்கா கைய காட்னா கடலு நின்னுடுமா? நிக்க சொல்லு, எங்க வூட்டு ஆளு உள்ள போய்க்கிறாரு” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். வீடு வருகிறவரை தங்கச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குப் பஸ்ஸிலேயே அடங்கிவிட்டது. அத்தனை தோல்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, என் கை எங்கே இருந்தது என்று தேடத் தொடங்கியிருந்தேன்.

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். “உன் கைக்கு வேல குடுத்தா அது சும்மா இருக்கும். ஹெம்மிங் எடுத்துட்டு வா. ரெண்டு கையும் வேணும்ல அதுக்கு? தலையத் தூக்காத. பாயின்ட் என்னன்னு கேக்காத. தைச்சிக்கிட்டே இரு.” அப்படியே செய்தேன். கம்பி வலைக்குப் பின்னால் அதே இடத்தில், மடியில் துணியோடு உட்கார்ந்தேன். அவளுடைய ஸ்கர்ட்டுகளைத் தைத்தேன். அது முடிந்தால் ஊரிலிருந்து கொண்டுபோன ஜாக்கெட்டுகள். புனேயில் ஓர் ஆட்டக்காரியின் அம்மா, பாஷை தெரியாமல் சைகையிலேயே பேசி, தன் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துத் தரச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். தங்கச்சி அவள் மகளை ஜெயித்தாள். நான் அவளுக்கு ஃபால்ஸ் முடித்துக் கொடுத்தேன்.

அந்த ஒன்றரை வருஷம்தான் என் தங்கச்சியின் ஆட்டம் உச்சத்தில் இருந்த காலம். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. காதால்தான் கேட்டேன். அவள் பந்தை வெட்டும் சத்தம் நல்ல கத்தரிக்கோல் புதுத் துணியில் இறங்குகிற சத்தம். உடனே ஷூவின் கிறீச்சு, பொடிப்பொடியாக, கிட்டே கிட்டே வரும். பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லாமல் போகும். அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியைத் துணிக்குள் செலுத்துவேன். ‘டொக்’ என்று கேட்டால் அவள் பந்தை வைத்துவிட்டாள் என்று அர்த்தம். நூலை இழுப்பேன். அவளுடைய நல்ல ஆட்டம் ஒவ்வொன்றும் எந்தத் துணியில் எந்த மடிப்பில் இருக்கிறது என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ரேங்கிங் ஏறியது. பேப்பரில் ஒரு தடவை படம்கூட வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நெட்டின் மேலே சாய்ந்திருந்தாள். படத்தைப் பார்த்த அம்மா, “இவ்ளோ கிட்டயா போறா?” என்று கேட்டாள். எனக்கு அந்தக் கவலை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்தச் சீசனின் கடைசிப் போட்டி சென்னையிலேயே நடந்தது. அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டாள். இதில் ஜெயித்தால் கிடைக்கிற பாயின்ட்டில், வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்றில் நேரடியாக இடம் கிடைக்கும் என்று கோச் சார் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வருமா என்று அவருக்கே நிச்சயமில்லை. அவள் தோள் அப்போதே வலிக்கத் தொடங்கியிருந்தது. எதிராளி வெளிநாட்டுப் பெண், நல்ல உயரம், இடி மாதிரி அடி. நான் புதுசாக வெட்டிய வெள்ளை ஸ்கர்ட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெயித்தால் இறுதி ஆட்டத்துக்கு அதைத்தான் போடுவதாக அவள் சொல்லியிருந்தாள்.

ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட்டில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் சொல்லிக்கொண்டதிலிருந்து மேட்ச் பாயின்ட் என்று தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு பாயின்ட். தையல் முக்கால் வட்டத்துக்கு வந்திருந்தது. அம்பயர் அமைதி கேட்டார். சர்வ் போன சத்தம். நாலைந்து அடி போய் வந்தது. பிறகு அந்தக் கத்தரிக்கோல். ஷூக்கள் கிறீச்சிட்டன.

நான் தலையைத் தூக்கினேன். எதற்குத் தூக்கினேன் என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். அவளுடைய நல்ல பாயின்ட் ஒன்றையாவது என் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன். ஆசை என்பது மரியாதையான பேர். உள்ளுக்குள் அவளுக்கு என்ன ஆகிறதோ என்ற பழைய பயமும் இருந்திருக்கும். அவள் எதிர்முனையிலிருந்து என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கத்தில், எனக்கு முதுகு காட்டி, அந்த உயரமான பெண் ராக்கெட்டைப் பின்னுக்கு இழுத்தாள். அவளுக்கு எதிரே என் தங்கச்சி அத்தனூண்டு தெரிந்தாள். தண்ணி லாரிக்கு முன்னால் ஓடுகிற பிள்ளை மாதிரி. என் இடது கையில் துணி இருந்தது. துணியோடேயே கை எழுந்தது. ஊசியும் நூலும் தொங்க, வெள்ளை ஸ்கர்ட் என் முகத்துக்கு முன்னால் விரிந்து நின்றது.

அவள் நின்றாள். நெட்டுக்கு இன்னும் மூன்று அடி இருந்தது. பந்து காலடியில் விழுந்து போயிற்று.

அந்தப் பாயின்ட்டுக்குப் பிறகும் ஆட்டம் இருந்தது. அதை மீட்டிருக்கலாம். அவள் மீட்கவில்லை. அடுத்தடுத்து மூன்று கேமும் போயின. கை குலுக்கிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. “வாக்கா, எட்டாம் நம்பர் கேட்டு வழியாப் போனா ஸ்டேஷன் கிட்ட” என்று மட்டும் சொன்னாள். தாம்பரம் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட். கோடம்பாக்கம் தாண்டுகிறவரை நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அழுதேன். மாம்பலத்தில் மல்லிப்பூ கூடையோடு ஒருத்தி ஏறினாள். இவள் எனக்கு ஒரு முழம் வாங்கினாள். தலையில் வைத்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: “நீ கையத் தூக்குனத நான் பாக்கல. சத்தியமா பாக்கல. பந்தத்தான் பாத்துட்டு இருந்தேன். கால் நின்னுடுச்சு, அவ்ளோதான்.”

நான் நம்பவில்லை. வெள்ளைத் துணியை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டியிருக்கிறேன், அதைப் பார்க்கவில்லையாம். எனக்காகப் பொய் சொல்கிறாள், அதுவும் தோற்ற அன்றைக்கே எனக்குப் பூ வாங்கிக் கொடுத்துப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் அடுத்த தப்புக்குக் கொண்டுபோயிற்று. கையைத் தூக்கியதைவிட அது பெரிது என்று இன்றைக்கும் படுகிறது. அடுத்த போட்டிக்கு அவள் பை கட்டியபோது, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். “நான் வந்தா உனக்கு ஆகாதுடி” என்றேன். “நீ வராட்டித்தான் ஆகாது. லூசா நீ?” என்றாள். கெஞ்சினாள். கோபப்பட்டாள். அப்பாவை விட்டுச் சொல்லச் சொன்னாள். நான் அசையவில்லை. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இப்போது யோசித்தால், அவள் தோற்பதைத் திரும்பவும் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதற்குத் தியாகம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

அவள் தனியாக ரயில் ஏறினாள். வெளியூர்ப் போட்டிகளில் முதல் சுற்று, மிஞ்சினால் இரண்டாம் சுற்று. போனில் கேட்டால் ‘நல்லாத்தான் ஆடினேன்’ என்பாள். ஒரு தடவை வடக்கே எங்கோ காய்ச்சலில் விடுதி அறையில் தனியாகக் கிடந்திருக்கிறாள், திரும்பி வந்த பிறகுதான் சொன்னாள். நெட்டுக்குப் போவது குறைந்துவிட்டது என்று மார்க்கர் அண்ணன் சொன்னார். “பின்னாலயே நின்னுகினு எல்லார மாரியும் தேச்சிகினு கீது. அது ஆட்டமே இல்லக்கா அது.” ஒருநாள் அவள் போனில், “முன்னால எவ்ளோ தூரம் ஓடறதுன்னே தெரியலக்கா. எதிர்ல, வலைக்குப் பின்னால, யாரும் இல்ல” என்றாள். அதற்கும் நான் கிளம்பிப் போகவில்லை. இரண்டு சீசன் அப்படிப் போயிற்று. தோள் முழுசாகக் கெட்டது. ஒருநாள் ராக்கெட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டு, கோச்சிங் படிக்கப் போவதாகச் சொன்னாள். அழவில்லை. நான் பரணுக்கு அடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடாதே விழுந்துவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் கோவிலம்பாக்கத்தில் இருக்கிறாள். கல்யாணமாகி, தலையில் ஒன்றிரண்டு நரை. ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கோர்ட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். போன மாதம் ஒரு சாயங்காலம், “சும்மா வீட்லயே கெடக்காத, வந்து பாரு” என்று கூப்பிட்டாள். போய் வலைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் ஒரு ஜாக்கெட்டும் ஊசியும் கொண்டுபோயிருந்தேன். ஒரு வாண்டு நெட்டுக்கு ஓடி நடுவில் தயங்கி நின்றது. “நடுவுல நிக்காத! போ, போ, போயிட்டே இரு!” என்று இவள் போட்ட சத்தத்தில் நான் விரலில் குத்திக்கொண்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். எப்போதும் தேடுவேன். இல்லை.

பயிற்சி முடிந்து இரண்டு பேரும் கிளம்பினோம். அவள் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்த அகலமான ரோட்டில் சிக்னல் எங்கோ இருக்கிறது, எல்லோரும் கிடைத்த இடத்தில் கடக்கிறார்கள். நடந்துகொண்டே நான் கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தேன். கிளம்பும்போது வீட்டைப் பூட்டினேனா, சாவி எங்கே என்ற கவலை. சாவி விரலில் தட்டுப்பட்டது, எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் என் கால்கள் நின்றிருப்பது தெரிந்தது. சிமென்ட் கலவை லாரி ஒன்று முந்தானையை இழுக்கிற காற்றோடு முன்னால் போயிற்று. நிமிர்ந்தேன். என் மார்புக்குக் குறுக்கே அவள் இடது கை, உள்ளங்கை விரிந்து.

“நான் உன் கையப் பாக்கவே இல்லடி. சாவியத்தான் பாத்துட்டு இருந்தேன்” என்றேன்.

“பாக்க வேணாம். கால் நின்னுடும்” என்றாள். அவள் கண் அடுத்த வண்டியில் இருந்தது. கையை இறக்கி, “இப்ப வா” என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ரோட்டைக் கடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ரயிலில் அவள் எனக்குச் சொன்னது பொய்யில்லை. இத்தனை வருஷம் நான் அதைப் பொய் என்றே வைத்திருந்தேன். அவள் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமலேயே நிற்கும்படி அந்தக் கால்களை விடியற்காலை விடியற்காலையாகப் பழக்கிவிட்டிருந்தது நான். இதைக் கண்டுபிடித்ததால் என் பாரம் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. அவள் பொய் சொன்னாள் என்ற குறை போயிற்று. என் கைதான் நிறுத்தியது என்பது முன்னைவிட உறுதியாயிற்று. இதை அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அவள் காபிக்குப் பால் வைத்துவிட்டு, “பூட்டினியா இல்லியா வீட்ட?” என்று கேட்டாள். பூட்டியிருந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து ஸ்கர்ட்டை எடுத்தேன். தையல் நின்ற இடத்தில், அந்த அரையிறுதியில் தொங்கி, அன்றே நான் துணியில் குத்திவைத்த ஊசி இத்தனை வருஷமாக அப்படியே இருந்தது. நூல் நைந்துபோயிருந்தது. முடித்துவிடலாம் என்று கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொண்டேன். துணியை மடித்துப் பிடித்தேன். இரண்டு தையல் போட்டிருந்தால் மீதி தானாக வந்திருக்கும். கை ஓடவில்லை. அந்தத் தையலை எங்கே விட்டேனோ அங்கிருந்து தொடர எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பழையபடி மடித்து உள்ளே வைத்தேன். ஊசியை மட்டும் பிடுங்கி எடுத்துவிட்டேன். என்றைக்காவது அவள் வந்து தேடும்போது கையில் குத்திவிட்டால்?